மெஷினைத் தொடாமல் வாங்கிய பட்டத்தைப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள்

தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், தமிழ்நாடு மாநில மன்றத்தினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம். நான் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் டெக்னாலஜிஸ்ட். கதிரியக்கக் கோபால்ட்டிலிருந்து கதிர் தரும் கோபால்ட் மெஷினில் வேலையைத் தொடங்கி, இப்போது மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் லீனாக் மெஷினில் நிற்கிறேன். பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு வேலை சொல்லித் தருவதும் என் பொறுப்புதான். 2021இல் உங்கள் சட்டம் நிறைவேறியபோது எங்கள் துறையில் சந்தோஷப்படாதவர் கிடையாது. மருத்துவருக்கு, செவிலியருக்கு, மருந்தாளுநருக்கு எல்லாம் கவுன்சில் இருக்க, எங்களுக்கென்று நாடு முழுக்க ஒரே மாதிரியான பதிவேடு இல்லாமல்தான் காலம் ஓடிக்கொண்டிருந்தது. சட்டம் வந்த பிறகும் காரியம் நடக்கவில்லை. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் கெடு வைத்த பிறகுதான் கோப்புகள் நகர ஆரம்பித்தன. சரி, பழைய கதை போகட்டும். இப்போது பதிவேடு உருவாகிற நேரம். அதில் யார் பெயர் ஏற வேண்டும், எதைப் பார்த்து ஏற்ற வேண்டும் என்பது பற்றித்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றே ஒன்று. ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட் என்று ஒருவரைப் பதிவு செய்யும் முன், அவர் எத்தனை மணி நேரம் வகுப்பில் இருந்தார் என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். சிகிச்சை அறைக்குள் அவர் தன் கையால் என்னென்ன செய்தார், யார் பக்கத்தில் நின்று பார்த்தார்கள், எந்த மெஷினில் செய்தார் என்பதற்கு எழுத்தில் சான்று கேளுங்கள். அந்தச் சான்று இல்லாத பட்டத்துக்குப் பதிவு எண் தராதீர்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிய, எங்கள் வேலை என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களிடம் வருகிற நோயாளிகள் 'கரண்ட் வைக்க வந்திருக்கோம்' என்றுதான் சொல்வார்கள். பட்டனை அமுக்கினால் கரண்ட் பாயும், அதை அமுக்குகிறவர் டெக்னீஷியன் என்பது வெளியில் இருக்கிற எண்ணம். கல்லூரி நிர்வாகங்கள் சிலவற்றுக்கும் அதே எண்ணம்தான் என்பதுதான் எங்கள் கவலை.

வாய்ப் புற்றுநோயோடு வருகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள், தலை அசையாமல் பிடித்து வைக்க அவருக்கு மாஸ்க் செய்ய வேண்டும். ஏறக்குறைய 70 டிகிரி வெந்நீரில் தெர்மோபிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டால் சில நிமிடத்தில் தொளதொளவென்று ஆகிவிடும். தண்ணீரை ஒற்றி எடுத்து, சூடு முகத்தைச் சுடாது என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து, ஒரே சீராக முகத்தின் மேல் இழுத்து மேசையில் இருக்கும் பேஸ் பிளேட்டில் பூட்ட வேண்டும். மூக்குத்தண்டு, புருவ மேடு, தாடை ஆகிய இடங்களில் விரலால் அழுத்திப் படிய வைக்க வேண்டும். ஷீட் இறுகும் வரை அந்த மனுஷர் பதறாமல் படுத்திருக்க வேண்டும். மூச்சு முட்டுகிறது என்று கையைத் தூக்குவார். 'ஐயா, மூக்கு வழியா மெதுவா விடுங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டே கை வேலையையும் விடாமல் செய்ய வேண்டும். கழுத்துக்கு அடியில் வைக்கிற ஹெட்ரெஸ்ட் எந்த அளவு என்பதைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, தோள் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது வரை எல்லாம் அந்தச் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். அதில் பிசகினால் அடுத்த ஆறு ஏழு வாரமும் அந்தப் பிசகோடுதான் சிகிச்சை நடக்கும். 33 முறை, 35 முறை.

பிறகு தினசரி செட்டப். சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகளை மாஸ்க்கில் போட்ட குறிகளோடு ஒட்ட வைத்து, மெஷினிலேயே கோன்பீம் ஸ்கேன் (சிடி போன்ற படம்) எடுத்து, திட்டமிட்ட படத்தோடு எலும்பையும் மென்திசுவையும் பொருத்திப் பார்த்து, மேசையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துகிறோம். மென்பொருளே பொருத்திக் காட்டும், உண்மைதான். ஆனால் அது தாடையைப் பிடித்துக்கொண்டு கழுத்தெலும்பை விட்டுவிட்டதா என்று பார்ப்பது மனுஷக் கண். நான்காவது வாரம் நோயாளி இளைத்திருப்பார், சாப்பிட முடியாது. மாஸ்க்குக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் போகிற இடைவெளி விழுந்திருக்கும். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறார். தினமும் பார்க்கிறவர்கள் நாங்கள். 'சார், மாஸ்க் லூஸ் ஆயிடுச்சு, தினமும் ஒரே பக்கம் ஷிஃப்ட் வருது' என்று, கதிர் அளவை (டோஸ்) கணக்கிடும் ஃபிசிசிஸ்டிடம் போய்ச் சொல்ல வேண்டியது டெக்னாலஜிஸ்ட்தான். சொன்னால் மறுபடி ஸ்கேன் எடுத்து பிளானைத் திருத்துவார்கள். சொல்லாவிட்டால் உமிழ்நீர்ச் சுரப்பிக்கோ தண்டுவடத்துக்கோ போகக்கூடாத டோஸ் போகும். சிகிச்சைப் பதிவேடு கறுப்பு வெள்ளையில் சரியாகவே இருக்கும், 35க்கு 35 முடிந்தது என்று.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வருகிற அம்மாக்களிடம் வேலை வேறு மாதிரி. சிறுநீர்ப்பை தினமும் ஒரே அளவு நிறைந்திருந்தால்தான் குடல் விலகி நிற்கும். தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருங்கள் என்று சொன்னால் பாதிப் பேர் குடித்ததாகச் சொல்வார்கள், குடித்திருக்க மாட்டார்கள். பஸ்ஸில் திரும்பிப் போக வேண்டும், வழியில் ஒதுங்க இடம் இல்லை, அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. அதை அதட்டாமல் கேட்டுத் தெரிந்துகொண்டு, முடிந்தால் அவருடைய நேரத்தை பஸ்ஸுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற டெக்னாலஜிஸ்ட்தான் நல்ல செட்டப் எடுக்கிறவர். எந்தப் பாடப்புத்தகத்திலும் இது ஒரு பாடமாக இல்லை.

இந்த வேலைக்கு இன்று என்ன தகுதி கேட்கப்படுகிறது? பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடங்கள், அதற்கு மேல் கதிர்வீச்சு சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ அல்லது பட்டம். தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. படிப்பு இருக்கிறது, மூன்று ஆண்டு படிப்பும் ஓராண்டு உள்ளகப் பயிற்சியும். மருத்துவமனைக்கு உரிமம் தருகிற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், சிகிச்சை மெஷினை இயக்க யார் யார் இருக்க வேண்டும், அவர்களுக்கு என்ன படிப்பு வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. வாரியத்தின் இலோரா இணையதளத்தில் எங்கள் பெயர் ஏறுகிறது, உடம்பில் படும் கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது படிக்கப்பட்டு, யாருக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்ற கணக்கு வருகிறது. இதெல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது, குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் வாரியத்தின் கேள்வி பாதுகாப்பு பற்றியது. அறைச் சுவரின் தடிமன் போதுமா, கதவு திறந்தால் கதிரை நிறுத்தும் இன்டர்லாக் வேலை செய்கிறதா, தகுதியுள்ள ஆள் இருக்கிறாரா. அந்த ஆளுக்கு மாஸ்க் போடத் தெரியுமா என்று கேட்பது அவர்கள் வேலை இல்லை. பல்கலைக்கழகத்தின் கேள்வி மதிப்பெண் பற்றியது. மருத்துவமனையின் கேள்வி ஆள் எப்போது சேருவார் என்பது. நடுவில் கை வேலை தெரியுமா என்ற கேள்வியைக் கேட்க யாரும் இல்லாமல் போயிற்று. அந்த இடத்துக்குத்தான் சட்டம் உங்களைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

எங்கள் பக்கத்து அறையிலேயே நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. மெடிக்கல் ஃபிசிசிஸ்ட் ஆக வேண்டுமென்றால் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, பாபா அணு ஆராய்ச்சி மையம் 1962லிருந்து நடத்திவரும் கதிரியல் இயற்பியல் டிப்ளமோ மாதிரியான மேற்படிப்பு படிக்க வேண்டும். இல்லையென்றால் அண்ணா பல்கலைக்கழகத்தில் இருப்பதுபோல எம்.எஸ்சி. மெடிக்கல் ஃபிசிக்ஸ். அதோடு முடியவில்லை. எல்லா வசதியும் உள்ள ஒரு கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் 12 மாத உள்ளகப் பயிற்சியை முடித்தால்தான் வாரியம் அவரை ஃபிசிசிஸ்ட் என்று ஏற்கும். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி ஆக வேண்டுமானால் அதற்கும் தனித் தேர்வு, தனி ஒப்புதல். தாளில் கணக்குப் போடுகிறவருக்கே இத்தனை காவல் வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கை நோயாளி உடம்பில் நிறைவேற்றுகிறவருக்கு 'மருத்துவமனைப் பயிற்சி உண்டு' என்ற ஒரு வரியோடு விட்டுவிட்டோம். அந்த ஓர் ஆண்டில் உள்ளே என்ன நடந்தது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை.

என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன். கல்லூரிக்குச் சொந்தமாக லீனாக் இருக்காது. ஒரு மருத்துவமனையோடு ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். அங்கே ஒரு மெஷினில் நாளுக்கு அறுபது எழுபது நோயாளிகள். காலை வார்ம்-அப், அவுட்புட் சோதனை, லேசர் சரிபார்ப்பு முடிந்து முதல் நோயாளி ஏறிவிட்டால் அப்புறம் மதியம் வரை நிற்க நேரம் இருக்காது. நான்கு கல்லூரிகளின் மாணவர்கள் மெஷினை இயக்கும் ஒரே கன்சோலுக்குப் பின்னால் வரிசையாக நிற்பார்கள். பார்ப்பார்கள், சுவரோரம் போனைத் தடவுவார்கள், நான்கு மணிக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நோயாளியைத் தொட விட்டால் வேலை தாமதமாகும் என்று நாங்கள்தானே அவர்களை ஓரமாக நிற்கச் சொல்கிறோம்? மருத்துவமனைக்குக் கற்பிப்பதற்கென்று தனி ஆளோ நேரமோ ஒதுக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கையெழுத்துப் போட்ட தாள் மட்டும் வருடக் கடைசியில் கனமாக இருக்கும்.

சில இடங்களில் இந்தப் பிள்ளைகள் டிஎல்டி பேட்ஜ்கூட இல்லாமல் நிற்கிறார்கள். பயிற்சியில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 6 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரின் அளவு) என்று வரம்பு வைத்திருக்கிறது வாரியம். வேலையில் இருக்கும் எங்களுக்கு ஐந்தாண்டுச் சராசரி 20, எந்த ஒரு வருடத்திலும் 30ஐத் தாண்டக்கூடாது. லீனாக் கன்சோலில் நிற்பதால் அந்த வரம்பை எட்டிவிட மாட்டார்கள், அதை நான் பயமுறுத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் அளக்காமலே குறைவு என்று சொல்கிற பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறோமே என்பதுதான் வருத்தம்.

படித்து வெளியே வருகிறவர் கோபால்ட் மெஷினையே பார்த்திருக்க மாட்டார். இன்றும் பல அரசு மருத்துவமனைகளில் கோபால்ட்தான் சோறு போடுகிறது. நம் நாட்டிலேயே உருவான பாபாட்ரான் மெஷின்கள் ஓடுகின்றன. கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் வீரியம் குறையும், அதனால் சிகிச்சை நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். லீனாக்கை அணைத்தால் கதிர் நின்றுவிடும். கோபால்ட் அப்படி இல்லை, சோர்ஸ், அதாவது கதிர் விடும் கோபால்ட் துண்டு, திரும்பித் தன் இடத்துக்குப் போயாக வேண்டும். போகாமல் நடுவில் சிக்கினால் என்ன செய்வது? முதலில் நோயாளியை மேசையோடு வெளியே இழுக்க வேண்டும். யார் உள்ளே போவது, எந்தப் பக்கமாக நிற்பது, டி வடிவக் கம்பியால் சோர்ஸை எப்படித் தள்ளுவது, எத்தனை விநாடி, வெளியே வந்ததும் யாருக்குச் சொல்வது. கட்டிக்குள்ளேயோ பக்கத்திலேயோ சோர்ஸை வைத்துத் தரும் பிராக்கிதெரபியில் இரிடியம் சோர்ஸ் திரும்பாவிட்டால் கையால் சுற்றி இழுப்பது, அதுவும் முடியாவிட்டால் சோர்ஸ் போகும் குழாயான அப்ளிகேட்டரோடு எடுத்து ஈயக் குடுவையில் போடுவது. இதையெல்லாம் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்து எழுதியிருப்பார்கள். ஒத்திகையில் ஒருமுறை அவர்களை அறைக்குள் அனுப்பிப் பாருங்கள், கம்பி எந்தச் சுவரில் தொங்குகிறது என்றே தெரியாமல் சுற்றிச் சுற்றி வருவார்கள்.

இன்னொரு பக்கம், குடும்பங்கள் ஏமாறுகிற கதை. போன வருடம் ஒரு பெண் நேர்காணலுக்கு வந்தார், தகப்பனாரும் கூட. நிலத்தை அடமானம் வைத்துப் படிக்க வைத்திருக்கிறார். சான்றிதழைப் பார்த்தால் ரேடியோகிராபி மற்றும் இமேஜிங் பட்டம். எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ எடுக்கிற படிப்பு, அருமையான படிப்பு, அதற்கான வேலையும் இருக்கிறது. ஆனால் கதிர்வீச்சு சிகிச்சைக்கு அது தகுதி இல்லை. 'ரெண்டும் ஒண்ணுதான், எங்க வேணா சேரலாம்னு காலேஜ்ல சொன்னாங்களே சார்' என்றார் அப்பா. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் ஊர்ச் சுவர்களில் இன்னும் விளம்பரம் ஒட்டப்படுகிறது, ஒரு வருட டிப்ளமோ, நூறு சதவீத வேலை, கதிரியல் கதிர்வீச்சு எல்லாம் சேர்த்து. உங்கள் சட்டம் டிப்ளமோவுக்கே குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு ஆண்டு என்று சொல்கிறது. சட்டப் பட்டியலில் ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட் தனி, இமேஜிங் டெக்னாலஜிஸ்ட் தனி என்றும் இருக்கிறது. இதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற பிள்ளையின் அப்பாவுக்குப் புரிகிற தமிழில் உங்கள் மாநில மன்றம் ஒரு பக்கத்துக்கு அச்சடித்து ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் அனுப்பலாம். பெரிய செலவு இல்லை. எந்தெந்தக் கல்லூரியின் எந்தப் படிப்புக்கு ஒப்புதல் உண்டு என்ற பட்டியலை அதன் பின்பக்கம் போட்டால் பாதி விளம்பரம் தானாக உதிர்ந்துவிடும்.

பயிற்சி விஷயத்தில் நான் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால், மெஷின் கெடாமலே மனிதர்கள் பாதிக்கப்பட்ட விபத்துகளின் அறிக்கைகளைத் தயவுசெய்து படிக்கச் சொல்கிறேன். 2006இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஓர் இளம் பெண்ணுக்குத் திட்டமிட்டதைவிட பாதிக்கும் மேல் கூடுதலான டோஸ் போனது. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டு, டோஸைக் குறிக்கும் முறை மாறியிருந்தது. திட்டம் போட்டவர் அனுபவம் குறைந்தவர். அரசு விசாரணையில் தெரியவந்தது, அந்தத் துறையில் யாருக்கு என்ன பயிற்சி தரப்பட்டது என்ற பதிவேடுகள் புதுப்பிக்கப்படாமலே கிடந்தன. பிரான்சின் எபினால் நகரில் 2004க்கும் 2005க்கும் இடையே 24 புராஸ்டேட் நோயாளிகளுக்கு அதிக டோஸ் போனது. கதிரின் வீரியத்தை ஒரு பக்கம் குறைக்கும் வெட்ஜ் மாற்றப்பட்டதும் மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டியதைத் தவறாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அங்கிருந்த ஊழியர்களுக்குப் பிரெஞ்சில் ஒரு கையேடுகூட இல்லை. பனாமாவில் 2001இல் வெளிச்சத்துக்கு வந்த விபத்தில் 28 பேர் பாதிக்கப்பட்டார்கள். கதிரைத் தடுக்கும் கவசக் கட்டைகளின் விவரத்தைக் கணினியில் வேறு விதமாக உள்ளிட்டார்கள், கணினியும் முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டது. மூன்று இடத்திலும் வேலை பார்த்தவர்கள் தகுதி இல்லாதவர்கள் அல்ல, சான்றிதழ் இருந்தது. கையில் இருந்த குறிப்பிட்ட கருவிக்கும் முறைக்கும் பயிற்சி போதவில்லை, அல்லது அது சரிபார்க்கப்படவில்லை.

எபினால் பற்றிப் படிக்கும்போது எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வரும். பிளஸ் டூ வரை தமிழில் படித்த பிள்ளைகள் இந்தப் படிப்புக்கு நிறைய வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். கை சுத்தமாக இருக்கும், நோயாளியிடம் பேசத் தெரியும். ஆனால் மெஷின் திரையில் வருகிற எச்சரிக்கை ஆங்கிலத்தில், கையேடு ஆங்கிலத்தில், வாய்மொழித் தேர்வு ஆங்கிலத்தில். திரையில் ஏதோ சிவப்பாக வந்தால், படிக்காமலே சரி என்று அமுக்குகிற கையை நான் பார்த்திருக்கிறேன், சட்டென்று பிடித்தும் இருக்கிறேன். பொதுவாக வரும் எச்சரிக்கைகள், இன்டர்லாக் பெயர்கள், அவசரகால நடைமுறை இவற்றைத் தமிழில் விளக்கி ஒரு பயிற்சிக் குறிப்பு தயாரியுங்கள். செய்முறைத் தேர்வில் தமிழில் பதில் சொல்ல அனுமதி கொடுங்கள். ஆங்கிலத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. புரிந்ததா என்று சோதிக்கச் சொல்கிறேன்.

வெளிநாடுகளில் எப்படி என்று பார்த்தால், அமெரிக்காவில் 1922லிருந்து இருக்கிற கதிரியல் தொழில்நுட்பர் பதிவேட்டு அமைப்பு, தேர்வு எழுத விடும் முன்னரே மருத்துவமனையில் செய்முறைத் திறன்களைச் செய்துகாட்டியதற்கான சான்று கேட்கிறது. எந்தெந்தச் செய்முறை என்று பட்டியல் இருக்கிறது, உருவகப்படுத்தியது எவ்வளவு, நோயாளியிடம் செய்தது எவ்வளவு என்பதற்கும் விதி இருக்கிறது. தேறிய பிறகும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 24 மணி கூடுதல் படிப்பைக் காட்டியாக வேண்டும். பிரிட்டனில் பதிவு இல்லாமல் அந்தப் பணிப்பெயரைப் போட்டுக்கொள்வதே குற்றம். அங்கே போய் வேலை தேடுகிற நம் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது, 'உங்கள் பயிற்சி விவரங்களைக் காட்டுங்கள்'. காட்ட எதுவும் இருப்பதில்லை. மதிப்பெண் பட்டியலையும் வருகைச் சான்றையும் நீட்டுகிறார்கள்.

அதற்காக அவர்கள் முறையை அப்படியே கொண்டுவந்து இங்கே நடச் சொல்லவில்லை. அவர்களுக்கு நோயாளி எண்ணிக்கை வேறு, ஆள் பலம் வேறு. ஆனால் பொதுவான வெளியேறு தேர்வோ உரிமத் தேர்வோ நடத்த உங்கள் சட்டமே உங்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்தத் தேர்வைக் கொள்குறி வினாத்தாளாக மட்டும் வைத்துவிட்டால் மூன்று மாதத்தில் ஊர் ஊருக்குக் கோச்சிங் சென்டர் முளைக்கும். எங்கள் பிள்ளைகள் விடைகளை உருப்போட்டு நல்ல மதிப்பெண் வாங்குவார்கள், கவலையே வேண்டாம். தேர்வின் பாதி சிகிச்சை அறையில் நடக்கட்டும். வேறு மருத்துவமனையிலிருந்து வந்த இரண்டு மூத்த டெக்னாலஜிஸ்டுகளும் ஒரு ஃபிசிசிஸ்டும் பார்க்க, மாணவர் ஒரு மாதிரி உருவத்துக்கு மாஸ்க் போடட்டும், செட்டப் செய்யட்டும். வேண்டுமென்றே தப்பாகக் கொடுத்த ஒரு படத்தைப் பார்த்து 'இதில் பீம் (கதிர்) போடக்கூடாது' என்று சொல்லத் தெரிகிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால், அந்த ஒரு கேள்விக்கே பாதி மதிப்பெண் கொடுப்பேன். பீம் போடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். டாக்டர் அவசரப்படுத்தும்போதும் நோயாளியின் மகன் கத்தும்போதும் போடமாட்டேன் என்று நிற்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

பயிற்சிக் குறிப்பேடு பற்றி. 2025இல் மத்திய அரசு வெளியிட்ட புதிய பாடத்திட்டங்களில் ரேடியோதெரபி தொழில்நுட்பமும் இருக்கிறது, நல்ல தொடக்கம். அதன் குறிப்பேட்டை மாணவர் நிரப்புகிற நோட்டாக மட்டும் விட்டுவிடாதீர்கள். தலை கழுத்து, மார்பு, இடுப்புப் பகுதி, மூளை என்று ஒவ்வொன்றிலும் குறைந்தது இத்தனை செட்டப், தானாகச் செய்தது, மேற்பார்வையில் செய்தது, பார்த்தது மட்டும் என்று பிரித்து, கையெழுத்திடுகிறவரின் பதிவு எண்ணோடு இருக்க வேண்டும். பொய்க் கையெழுத்துப் போட்டால் போட்டவரின் பதிவு போகும் என்று ஒரு விதி போதும், எங்களில் பலருக்குக் கை தானாக நின்றுவிடும். பதிவு எண்ணுக்குப் பக்கத்தில் எந்தெந்த மெஷினில், எந்தெந்த முறையில் பயிற்சி என்ற பத்தி ஒன்றும் வேண்டும். கோபால்ட், லீனாக், பிராக்கி, சிறு இடத்தில் துல்லியமாக அதிக டோஸ் தரும் ஸ்டீரியோடாக்டிக். சென்னையில் 2019லிருந்து புரோட்டான் சிகிச்சைகூட இருக்கிறது. புதிய மெஷினுக்கு மாறுகிறவர் அங்கே பயிற்சி முடித்ததும் அந்தப் பத்தியில் ஒரு வரி கூடட்டும்.

மாணவர் இடங்களை மெஷினைப் பார்த்து ஒதுக்குங்கள், கட்டடத்தைப் பார்த்து அல்ல. ஒரு லீனாக்குக்கு இத்தனை மாணவர் என்ற கணக்கு இல்லாதவரை மற்ற எல்லா விதியும் வீண். ஒரே மருத்துவமனையை நான்கு கல்லூரிகள் தங்கள் பயிற்சி இடமாகக் காட்டுகின்றனவா என்று நீங்கள் பட்டியல்களை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். பயிற்சி கொடுக்கிற மருத்துவமனையில் கற்பிக்கவென்றே ஒருவருக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். உள்ளகப் பயிற்சி ஆண்டில் மாணவருக்குக் கொடுக்கிற பணம் பல இடங்களில் பஸ் கட்டணத்துக்கே போதாது. முழு நேர ஆள் போல நிற்க வைத்துவிட்டுச் சாப்பாட்டுக் காசு கொடுக்காமல் இருப்பது நியாயம் இல்லை.

மூத்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த மடல் அவர்களுக்கு எதிரானது போல ஆகிவிடும். 1934இல் பர்னார்டு கதிரியல் நிலையம் திறந்த சென்னையில், 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கிய சென்னையில், இந்த வேலையைப் பட்டம் என்று ஒன்று இல்லாத காலத்திலேயே பழகிக் கற்றவர்கள் இருந்தார்கள். அந்த வழியில் வந்தவர்கள், பழைய டிப்ளமோவோ சான்றிதழ்ப் படிப்போ படித்தவர்கள், இன்றும் மெஷினில் நிற்கிறார்கள். எனக்கு மாஸ்க் போடச் சொல்லிக்கொடுத்த அண்ணனிடம் பட்டம் கிடையாது. அவரிடம் போய், 'உங்கள் படிப்பு இப்போது செல்லாது' என்று ஒரு கடிதம் போகக்கூடாது. இளையவர்களிடம் கேட்கிற அதே செய்முறையை அவரிடமும் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவார். பட்டம் இருந்து செய்முறை இல்லாதவரையும், செய்முறை இருந்து பட்டம் இல்லாதவரையும் ஒரே அறையில் நிறுத்திச் சோதித்தால் யாருக்கும் மனக்குறை வராது.

அடுத்து வருகிற கல்வியாண்டுக்கு இடங்கள் ஒதுக்கும் கோப்பு உங்கள் மேசைக்கு வரும். கல்லூரி இணைத்திருக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்த மருத்துவமனையின் மெஷின் அறைத் தினப்பதிவேட்டில் ஏதாவது ஒரு மாதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த நாளில் எந்த மாணவர் எந்த நோயாளியின் செட்டப்பில் நின்றார் என்று அதில் ஒரு வரிகூட இல்லையென்றால், அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஆய்வுக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷின் ஓய்வில்தான் இருக்கும், எங்களில் பலர் சொந்தச் செலவில் வரத் தயார்.

இப்படிக்கு,
கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் ஒரு டெக்னாலஜிஸ்ட்
தமிழ்நாடு